சுமைக்குப் பெயர் வைத்த டாக்டர்

ஆனி மாதம். நெல்லையப்பர் கோயில் தேரோட்டம். ரத வீதி நான்கிலும் எங்கே பார்த்தாலும் தலைகள். வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம். வேடிக்கை பார்ப்பவர்கள் ஒரு பக்கம். நடுவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். விடியுமுன் வந்தவர்கள். தேர் நிலைக்கு வந்தால்தான் அவர்கள் காலை எடுத்து வைக்கலாம். அதற்குப் பிறகும் சிலர் வீட்டுக்குப் போக முடியாது. ராத்திரி ரோந்து காத்திருக்கும்.

ஆடி அமாவாசை வந்தால் பாபநாசத்திலும் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலிலும் பந்தோபஸ்து. கந்த சஷ்டி வந்தால் திருச்செந்தூர். 2018 அக்டோபரில் தாமிரபரணிப் புஷ்கரம் நடந்தபோது படித்துறை தோறும் காக்கிச் சட்டை. 2023 டிசம்பரில் ஆறு கரை புரண்டு நெல்லை ஜங்ஷனுக்குள் புகுந்தபோது, தண்ணீரில் இறங்கியவர்களில் போலீஸ்காரரும் உண்டு. இவை போகப் பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்குக் கைதி வழிக்காவல், பாரா, ஸ்டேஷன் வேலை. ஊருக்குத் திருநாள் என்றால் போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது அப்பா இல்லாத நாள்.

அரிசியைப் படியால் அளக்கிறோம். துணியைக் கெஜத்தால் அளந்தோம். இப்போது மீட்டரால் அளக்கிறோம். ஜுரத்துக்குத் தர்மாமீட்டர் இருக்கிறது. அந்தப் போலீஸ்காரரின் உடம்பிலும் மனசிலும் ஏறுகிற சுமையை எதனால் அளப்பது?

அப்படி ஒரு சுமை உண்டு, அது உடம்பின் உள்ளே தடம் பதிக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர் ஒரு டாக்டர். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஸ்ட்ரெஸ் என்கிறதே, அந்தச் சொல்லை வைத்தியத்தில் நிலைநிறுத்தியவர் அவர்தான். பெயர் ஹான்ஸ் செல்யே. அவர் வாழ்க்கை விசித்திரமானது. முழுக்க முழுக்கப் புகழத்தக்கதும் அல்ல.

ஆற்றங்கரைப் பிள்ளை

1907-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி வியன்னா நகரில் செல்யே பிறந்தார். தகப்பனார் ஹங்கேரிக்காரர், பட்டாளத்தில் டாக்டர். தாயார் ஆஸ்திரியாக்காரி. வீட்டில் ஜெர்மன், ஹங்கேரி மொழி இரண்டும் புழங்கின. பிரெஞ்சும் ஆங்கிலமும் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

பிள்ளை வளர்ந்தது கோமாரோம் என்ற ஊரில். டான்யூப் நதிக்கரை ஊர் அது. முதல் உலகப் போர் முடிந்ததும் பெரிய ராஜ்யம் உடைந்தது. ஆற்றின் வடகரை செக்கோஸ்லோவாகியா என்றார்கள். தென்கரை ஹங்கேரி என்றார்கள். ஒரே ஊர் இரண்டு தேசமாகி விட்டது. நெல்லை ஒரு நாடு, பாளையங்கோட்டை இன்னொரு நாடு, நடுவில் தாமிரபரணிதான் எல்லை என்று ஒரு நாள் காலையில் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்த ஊர் மக்களுக்கு.

பையன் படிப்பில் கெட்டி. 17-ம் வயதில் பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக் கழகத்தில் வைத்தியம் படிக்கப் போனார்.

எல்லா நோயாளிக்கும் ஒரே முகம்

பிராக்கில் ஒரு நாள் வகுப்பு. பேராசிரியர் வரிசையாக நோயாளிகளைக் கொண்டுவரச் செய்தார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய். இந்த நோய்க்கு இந்த அடையாளம், அந்த நோய்க்கு அந்த அடையாளம் என்று பேராசிரியர் விளக்கிக் கொண்டே போனார். மாணவர்கள் எழுதிக் கொண்டார்கள்.

செல்யே வேறு எதையோ பார்த்துக் கொண்டிருந்தார். நோய் வேறு வேறு. ஆனால் நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். முகம் வாடியிருந்தது. நாக்கில் மாவு படிந்திருந்தது. மூட்டு வலி என்றார்கள். பசி இல்லை என்றார்கள். உடம்பு கணகணவென்று காய்ந்தது. எல்லாருக்கும் பொதுவான இந்தக் கோலத்தைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எல்லாருக்கும் இருப்பதுதானே, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டு விட்டார்.

நம் ஊர்ப் பாட்டிமார் என்ன நோய் என்று தெரியாமலே பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சுகமில்லை என்று கண்டுகொள்வார்கள். அந்தப் பாட்டி அறிவுதான் அன்று செல்யேயின் மனசில் தட்டியது. சுகமில்லாமல் இருப்பது என்றால் என்ன? அதற்கென்று உடம்பில் தனி விதி உண்டா? கேட்டால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டார். அந்த எண்ணம் பத்து வருஷம் உறங்கிக் கிடந்தது.

1929-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1931-ல் உதவிச் சம்பளம் கிடைத்து அமெரிக்காவில் பால்டிமோர் நகருக்குப் போனார். அடுத்த ஆண்டு கனடா நாட்டில் மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் காலிப் என்ற விஞ்ஞானி. நீரிழிவு நோயாளிகளின் உயிர் காக்கும் இன்சுலினைச் சுத்தம் செய்து கொடுத்தவர் அவர்.

எலிகள் காட்டிய அடையாளம்

அந்தக் காலத்தில் ஹார்மோன் ஆராய்ச்சி என்றால் வைத்திய உலகத்தில் ஒரே பரபரப்பு. புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்தால் பெயர் நிலைத்து விடும். செல்யேயும் அந்த ஆசையில் இருந்தார். மாட்டின் சினைப்பையிலிருந்து சாறு எடுத்தார். அதை எலிகளுக்கு ஊசியாகப் போட்டார். சில நாள் கழித்து எலிகளை அறுத்துப் பார்த்தார்.

உள்ளே மூன்று மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி வீங்கியிருந்தது. நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. வயிற்றின் உட்புறத்தில் புண்.

செல்யேக்குத் தலைகால் புரியவில்லை. புது ஹார்மோன் அகப்பட்டு விட்டது என்றே நினைத்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. வேறு உறுப்புகளின் சாற்றைப் போட்டுப் பார்த்தார். அதே மூன்று மாற்றம். கடைசியில், பிணத்தையும் உறுப்புகளையும் கெடாமல் வைக்க உபயோகிக்கும் பார்மலின் திராவகத்தை எடுத்து ஊசி போட்டார். அதற்கும் அதே மூன்று மாற்றம்! பார்மலினில் ஹார்மோன் ஏது? கட்டிய கோட்டை இடிந்து விழுந்தது. நாள் கணக்கில் வேலையில் மனம் ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பிராக் வகுப்பு ஞாபகம் வந்தது. வேறு வேறு நோய், ஒரே முகம். இங்கே வேறு வேறு விஷம், ஒரே மாற்றம். அப்படியானால் இது எந்த மருந்தின் வேலையும் இல்லையே! எது வந்து தாக்கினாலும் உடம்பு ஒரே விதமாகத்தானே பதில் சொல்கிறது!

அதைச் சோதிக்க எலிகளைக் குளிரில் வைத்தார். மான்ட்ரியல் குளிர் சாமானியமானது அல்ல; பனி உறையும். சில எலிகளைச் சுழலும் கூண்டில் போட்டு ஓய்வில்லாமல் ஓட வைத்தார். ஊசியே கிடையாது. குளிரும் களைப்பும்தான். அறுத்துப் பார்த்தால் அதே வீங்கிய சுரப்பி, அதே சுருங்கிய தைமஸ், அதே வயிற்றுப் புண்.

எலிகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாள் முதல் சுமை என்பது வெறும் பேச்சாக இல்லை. தராசில் வைத்து நிறுக்கக் கூடிய சுரப்பியாகவும், கண்ணால் பார்க்கக் கூடிய புண்ணாகவும் ஆகிவிட்டது.

இந்த ஆராய்ச்சி வீண் வேலை என்று அவருக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. கைகொடுத்தவர் இன்சுலின் கண்டுபிடித்த பாண்டிங். சிறு தொகைக்கு ஏற்பாடு செய்து, தொடர்ந்து செய்யும்படி ஊக்கம் கொடுத்தார்.

எழுபத்து நான்கு வரிகள்

1936-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, இங்கிலாந்தின் நேச்சர் என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் செல்யேயின் கடிதம் வெளிவந்தது. மொத்தம் 74 வரிகள்தான். அதில் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே கிடையாது. அந்தப் பெயரைப் பின்னால்தான் வைத்தார்.

அவர் சொன்னது இது. உடம்புக்கு ஓர் ஆபத்து வந்தால் மூன்று கட்டம் நடக்கிறது. முதலாவது எச்சரிக்கைக் கட்டம். நள்ளிரவில் விசில் சத்தம் கேட்டதும் ரோந்துப் போலீஸ்காரருக்கு நெஞ்சு படபடக்கிறதே, அது. இரண்டாவது தாங்கும் கட்டம். சுமை இறங்காவிட்டால் உடம்பு அதற்குப் பழகிக் கொள்கிறது. வெளியில் பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். மூன்றாவது ஓய்ந்து போகும் கட்டம். தாங்கித் தாங்கிச் சேமிப்பு தீர்ந்து விடுகிறது. நோய் வந்து உட்காருகிறது.

இதில் இரண்டாவது கட்டம்தான் ஏமாற்றுவது. ஏழு நாள் தொடர்ந்து பந்தோபஸ்துக்குப் போன கான்ஸ்டபிளைக் கேட்டால், பழகிவிட்டது என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

பெயர் வைத்த கதையும் சுவையானது. ஸ்ட்ரெஸ் என்பது இன்ஜினீயர்கள் சொல். நம் சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 1843-ல் திறந்த பாலம். அன்று மாட்டு வண்டி போயிற்று. இன்று பஸ்ஸும் லாரியும் போகின்றன. பாலத்தின் மேலே ஏறுவது பாரம். அந்தப் பாரத்தால் கல்லுக்கும் காரைக்கும் உள்ளே உண்டாகும் நெருக்கம் ஸ்ட்ரெஸ். அதனால் ஏற்படும் வளைவும் நெளிவும் ஸ்ட்ரெய்ன். செல்யே உடம்பில் பார்த்தது இந்த வளைவையும் நெளிவையும்தான். ஆனால் ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்துவிட்டார். தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் ஸ்ட்ரெய்ன் என்றே வைத்திருப்பேன் என்று பிற்காலத்தில் ஒப்புக் கொண்டார். குழப்பம் தீர, சுமையை உண்டாக்குகிற காரணத்துக்கு ஸ்ட்ரெஸர் என்று தனிப் பெயர் உண்டாக்க வேண்டி வந்தது. பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர் எல்லாரும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக் கொண்டார்கள். தமிழில் மன அழுத்தம் என்கிறோம். செல்யே சொன்னதில் மனத்துக்குச் சமமாக உடம்பும் உண்டு என்பதை மறந்து விடுகிறோம்.

ஓய்வு அறியாத டாக்டர்

1945-ல் மான்ட்ரியல் பல்கலைக் கழகத்தில் அவருக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1976 வரை அதற்கு அவரே தலைவர். சுமார் 1,700 ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். சுமார் 40 புத்தகங்கள். 1956-ல் பாமர மக்களுக்காக எழுதிய ஸ்ட்ரெஸ் பற்றிய நூல் அவர் பெயரைப் பல தேசங்களுக்குக் கொண்டு போயிற்று.

அதே 1956-ல் ஹங்கேரியில் மக்கள் கிளர்ச்சி வெடித்தது. ரஷ்யப் பட்டாளம் புகுந்தது. அந்தக் கலவரத்தின் துப்பாக்கிச் சூட்டில் செல்யேயின் தாயார் உயிரிழந்தார். மகன் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருந்தார்.

மற்றவர்களுக்குச் சுமையைப் பற்றிப் பாடம் சொன்ன மனிதர் தாம் ஓய்வு எடுத்தாரா? இல்லை. விடியுமுன் எழுந்து விடுவார். சைக்கிளில் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவார். விடுமுறை நாளிலும் வேலை. மூன்று முறை கல்யாணம் செய்து கொண்டார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்பாவின் முகம் அபூர்வமாகத்தான் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. பிடித்த வேலை எவ்வளவு செய்தாலும் கெடுக்காது என்பது அவர் கட்சி. 1974-ல் வெளியிட்ட நூலில், உடம்பைக் கெடுக்கும் சுமை வேறு, உற்சாகம் தரும் சுமை வேறு என்று பிரித்துக் காட்டினார். கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்யும் அண்ணனுக்கும் களைப்புத்தான். அது ஆளை வாட்டுவதில்லை.

1968-ல் கனடா தேசத்தின் மிக உயர்ந்த விருது கிடைத்தது. நோபல் பரிசுக்குப் பல முறை அவர் பெயர் சிபாரிசு ஆயிற்று. பரிசு மட்டும் வரவே இல்லை.

ஆட்சேபம் சொன்னவர்களும் இருந்தார்கள். ஜான் மேசன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் முக்கியமான ஒரு குறையைச் சுட்டினார். எது தாக்கினாலும் உடம்பு ஒரே பதில் சொல்கிறது என்பது சரியல்ல. தாக்குவது இன்னது என்று மனம் எப்படி எடுத்துக் கொள்கிறதோ அதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்றார். ஒரே சந்திப்பில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினால், ஒருவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் வீட்டில் ஜுரமாகக் கிடக்கும் குழந்தையை நினைத்துத் தவிப்பார். வெயில் ஒன்றுதான். சுமை ஒன்றல்ல.

எலியிடம் கேட்க முடியாது. மனிதனிடம் கேட்கலாம். அளவுகோல் அங்கேதான் பிறந்தது.

சுமைக்கு மார்க்

1967-ல் அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு டாக்டர்கள் 43 வாழ்க்கைச் சம்பவங்களுக்கு மார்க் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100. விவாகரத்து 73. கல்யாணம் 50. மேலதிகாரியுடன் தகராறு 23. வீடு மாறினால் 20. வேலை நேரம் மாறினால் 20. லீவில் ஊருக்குப் போவதற்குக்கூட 13 மார்க்! கல்யாணத்துக்கு 50 என்றால் சிரிப்பு வரும். பெண்ணைப் பெற்ற தகப்பனார் சிரிக்க மாட்டார்.

போலீஸ்காரர்களின் சுமையைத் தனியாக விசாரிக்க ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். 1974-ல் சின்சினாட்டி நகரத்துப் போலீஸ்காரர் 100 பேரை விசாரித்தார்கள். திருடன், துப்பாக்கி, கத்தி என்றுதான் சொல்வார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் கோர்ட்டில் காக்க வைப்பதையும், நிர்வாகத்தார் நடத்தும் விதத்தையும்தான் அவர்கள் முன்னால் நிறுத்தினார்கள்.

1978-ல் போலீஸாரின் மனச்சுமைக்கென்றே ஒரு பத்திரிகை அமெரிக்காவில் ஆரம்பமாயிற்று. அதன் முதல் இதழில் எழுதியவர் யார் தெரியுமா? 71 வயது செல்யேதான். ஆகாய விமானங்களுக்கு வழி காட்டும் உத்தியோகஸ்தர்களின் வேலை மிகக் கடினம் என்று பெயர் பெற்றது. போலீஸ் வேலை அதையும் மிஞ்சியது என்று அவர் தீர்ப்பு அளித்தார்.

1981-ல் புளோரிடா மாகாணத்தில் ஸ்பீல்பெர்கர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 60 சங்கடங்களை எழுதிப் போலீஸ்காரர்களிடம் கொடுத்தார். நடுத்தரமான ஒரு சங்கடத்துக்கு 50 மார்க் என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு 0 முதல் 100 வரை நீங்களே போடுங்கள் என்றார். கூட வேலை பார்க்கும் தோழர் கடமையில் கொல்லப்படுவதும், கடமையின்போது தம் கையால் ஓர் உயிர் போவதும் உச்சத்தில் நின்றன. ஆனால் அவை அடிக்கடி நடப்பதில்லை. சின்னச் சங்கடங்கள் தினமும் நடக்கின்றன. பெரிய இடி ஒரு நாள். ஒழுகும் கூரை வருஷம் பூராவும். ஆகவே எவ்வளவு கனம் என்பதோடு எத்தனை தடவை என்பதையும் சேர்த்துக் கேட்டார்கள்.

நியூயார்க் மாநிலப் போலீஸில் 23 ஆண்டு வேலை பார்த்த வயலாண்டி என்பவர் பிறகு ஆராய்ச்சியாளர் ஆனார். பபலோ நகரத்துப் போலீஸ்காரர்களைப் பல ஆண்டுகள் பரிசோதித்தார். தூங்கி எழுந்ததும் அவர்களுடைய எச்சிலை எடுத்துக் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார். கழுத்து ரத்தக் குழாயின் கனத்தைக் கருவி வைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார். கார்ட்டிசால் எங்கே சுரக்கிறது? சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் இருக்கும் அதே அட்ரீனல் சுரப்பியில்தான். அன்று எலியின் வயிற்றை அறுத்துப் பார்த்ததை இன்று எச்சிலில் பார்க்கிறார்கள்.

ஒரு கறை

செல்யேயின் கதையில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. 1969-ல் சிகரெட் விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிக் கனடா பார்லிமெண்ட் கமிட்டி விசாரித்தது. செல்யே அங்கே போய், புகை பிடிப்பதால் சிலருக்குச் சுமை தணியலாம் என்ற தோரணையில் பேசினார். புகையிலைத் தொழிலினர் அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். இந்த உறவின் முழு விவரம் வெளிவந்தது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. அமெரிக்காவில் நடந்த வழக்குகளால் சிகரெட் கம்பெனிகளின் பழைய கடிதங்கள் வெளியே வந்தபோது அது அம்பலமாயிற்று.

ராத்திரிப் பாராவில் தூக்கம் கலைக்கச் சிகரெட் பற்ற வைக்கும் காவலருக்கு உலகத்தின் பெரிய டாக்டர் கொடுத்த யோசனை இது! இதய நோய்க்கும் புற்று நோய்க்கும் சுமையே காரணம் என்று சொல்லச் சொல்ல, புகையிலையின் மேல் விழுந்த பழி குறைகிறதல்லவா? கம்பெனிகளுக்கு வேண்டியது அதுதான். எலிகளிடம் அவ்வளவு நேர்மையாக இருந்தவர் இதில் தவறி விட்டார் என்பதே என் எண்ணம்.

1982-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, 75-ம் வயதில், மான்ட்ரியலில் செல்யே காலமானார்.

நாற்பது கேள்விகள்

அவர் வாழ்ந்த கனடா நாட்டிலேயே 2006-ல் மக்கிரியரி, தாம்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் போலீஸாருக்கென்று புதிய கேள்வித்தாள் தயாரித்தார்கள். இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் 20 கேள்வி. முதல் பாகம் வேலையைப் பற்றியது. மாறி மாறி வரும் ஷிப்டு, ராத்திரியில் தனியே போவது, காயம் படும் அபாயம், வேளைக்கு நல்ல சாப்பாடு கிடைக்காதது, குடும்பத்தோடு இருக்க நேரம் இல்லாதது. இரண்டாம் பாகம் இலாகாவைப் பற்றியது. மேலதிகாரிகளின் பாரபட்சம், ஆள் பற்றாக்குறை, சமமில்லாத வேலைப் பங்கீடு, செய்த நல்லதை விட்டுக் குற்றத்தையே பேசுவது. கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு வாட்டியது என்று 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். வாட்டவே இல்லை என்றால் 1. தாங்க முடியவில்லை என்றால் 7.

இந்தக் கேள்வித்தாள் கடல் தாண்டி நம் பக்கமும் வந்தது. கேரளத்தில் கோழிக்கோட்டுப் போலீஸாரிடம் இதை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. இருபது இருபதாகப் பிரித்ததில் நன்மை உண்டு. சுமை தெருவிலிருந்து வருகிறதா, ஆபீஸிலிருந்து வருகிறதா என்று தனித்தனியே தெரிந்து விடும். தெருவில் வருவதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆபீஸிலிருந்து வருவதை ஒரு கையெழுத்தில் குறைக்கலாம்.

எவ்வளவு நேரம் வேலை என்ற கணக்கும் இருக்கிறது. நாடு முழுவதும் போலீஸ் ஸ்டேஷன்களில் விசாரித்த ஓர் அறிக்கையை மத்திய சர்க்காரின் போலீஸ் ஆராய்ச்சி அமைப்பு 2014-ல் வெளியிட்டது. ஸ்டேஷன் ஊழியர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் தினம் 8 மணிக்கு மேல் வேலை பார்த்தார்கள். மாதத்தில் ஒரு நாள்கூட வார விடுமுறை எடுக்க முடியவில்லை என்றவர்கள் 73.6 சதவிகிதம். நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேர்!

இப்படிச் சொன்னால் போலீஸ்காரர் செய்யும் எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்வதாகி விடுமோ? நெல்லையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல நா எழாது. 1999 ஜூலை 23-ந் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் வந்தவர்கள் மீது கொக்கிரகுளத்தில் தடியடி நடந்தது. ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் உயிரிழந்தனர். ஒரு குழந்தையும் அதில் உண்டு. அதற்குக் களைப்பைக் காரணம் காட்டினால் அது அக்கிரமம். சுமையை அளப்பது வேறு. செய்த செயலுக்குப் பதில் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

தமிழ்நாட்டில் 2018-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தின் துணையோடு போலீஸாருக்கு நிறைவாழ்வு என்ற பயிற்சித் திட்டம் கொண்டு வந்தார்கள். போலீஸ்காரரோடு குடும்பத்தாரையும் சேர்த்துக் கொண்டது அதில் நல்ல அம்சம். வீட்டில் எரிந்து விழுவது ஏன் என்று மனைவிக்கும் தெரிய வேண்டுமே. 2021 நவம்பரில் கான்ஸ்டபிள்களுக்கும் ஏட்டுகளுக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சர்க்கார் உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. லீவு கொடுக்க ஸ்டேஷனில் மாற்று ஆள் இருக்க வேண்டும். தேரோட்டமும் மந்திரி வருகையும் ஒரே வாரத்தில் வந்தால் இன்ஸ்பெக்டர் யாரை அனுப்புவார்?

அந்த நாற்பது கேள்விகளைக் கொடுக்கும்போது ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக ஒன்று செய்கிறார்கள். பெயரும் நம்பரும் கேட்பதில்லை. பூர்த்தி செய்த தாளை மேலதிகாரி பார்க்கமாட்டார் என்று முன்னாலேயே உறுதி சொல்லி விடுகிறார்கள். பெயர் எழுதச் சொன்னால், மேலதிகாரியைப் பற்றிய கேள்விக்கெல்லாம் ஒருவர் விடாமல் 1 போட்டுக் கொடுத்து விடுவார்கள் அல்லவா?